பழி முடிந்த பின்



ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், வல்லத்தை அடுத்த ஒரு பள்ளியில் நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைச் சிறுவர்க்கென உரைநடைக் கதைகளாகச் சுருக்கி, சார்லஸ் லாம், மேரி லாம் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1807ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். அந்நூலிலிருந்து ஹாம்லெட் கதையை ஒரு நாள் படித்துக் காட்டினேன். கதை முடிந்தது. அரசன் மாண்டான், அரசி மாண்டாள், இளவரசனும் மாண்டான். வகுப்பில் சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர்க் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, கெட்டவன்தான் செத்துவிட்டானே! அப்புறம் அந்த இளவரசன் பிழைத்துக்கொண்டால் என்ன?” என்று கேட்டான். “துன்பியல் நாடகம் என்றால் அப்படித்தான் முடியும், உட்கார்” என்றேன். அவன் காரணத்தைக் கேட்டான். நான் பெயரைச் சொன்னேன். ஆசிரியர்கள் பலகாலும் செய்யும் பிழை இது. அன்று சொல்லத் தவறிய விடையை இன்று உங்கள் முன் சொல்லிப் பார்க்க விரும்புகிறேன்.

கதையை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். டென்மார்க் நாட்டு அரசன் திடீரென இறக்கிறான். அவன் தம்பி கிளாடியஸ் அரியணை ஏறி, அண்ணன் மனைவி கெர்ட்ரூடையும் மணந்துகொள்கிறான். இறந்த அரசனின் ஆவி மகன் ஹாம்லெட்டின் முன் தோன்றி, தன்னை நஞ்சிட்டுக் கொன்றவன் தன் தம்பியே என்று சொல்லிப் பழிவாங்கப் பணிக்கிறது. மகன் பித்தன்போல் நடிக்கிறான், ஐயுறுகிறான், ஆராய்கிறான், காலம் தாழ்த்துகிறான். ஒரு முறை சிற்றப்பன் தனியே மண்டியிட்டு இறைவனைத் தொழும்போது வாளை உருவிய பின்னும் உறையிலிட்டுச் செல்கிறான். தொழுகையில் கொன்றால் பகைவன் வீடுபேறு அடைந்துவிடுவானே என்பது அவன் சொல்லும் காரணம். அந்தத் தாழ்ப்பின் விலையாக ஒன்றன்பின் ஒன்றாக உயிர்கள் வீழ்கின்றன.

இக்கதை ஷேக்ஸ்பியரின் சொந்தக் கற்பனை அன்று. அவருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே சாக்சோ கிராமாட்டிக்கஸ் என்னும் டென்மார்க்கு நாட்டு வரலாற்றாசிரியர் இதனை இலத்தீன் மொழியில் எழுதி வைத்தார். அங்கே இளவரசனின் பெயர் ஆம்லெத். அவனும் தந்தையை இழந்தவன். அவனும் பித்தன்போல் நடித்தவன். ஆனால் முடிவு எத்தகையது தெரியுமா? அவன் அரண்மனைப் பெருமக்களுக்கு மிகுதியாக மதுவூட்டி, அவர்கள் மயங்கிக் கிடக்கையில் மண்டபத்துத் திரைச்சீலையை அவர்கள்மேல் அறுத்து வீழ்த்தி, எழ இயலாதபடி முளைகளால் பிணைத்து, மண்டபத்திற்குத் தீ வைக்கிறான். பின்னர்ச் சிற்றப்பனின் படுக்கையறைக்குச் சென்று, வாளை மாற்றி வைத்து அவனைக் கொல்கிறான். மறுநாள் மக்கள் முன் நின்று நீண்டதோர் உரையாற்றி அரசனும் ஆகிறான். அவன் சாவு நெடுங்காலத்திற்குப் பின்னர் வேறொரு போரில் நேர்வது.

ஆகவே, என் மாணவன் கேட்ட முடிவு மூலக்கதையில் இருக்கவே இருந்தது! கெட்டவன் செத்தான், இளவரசன் பிழைத்தான். அதனை மாற்றியவர் 1600ஆம் ஆண்டை ஒட்டி இந்நாடகத்தை எழுதிய ஷேக்ஸ்பியர். கதை ஒன்று வேறு கைக்கு மாறும்போது முடிவு மாறுதல் திரைப்படக்காரர் கண்டுபிடித்த வழக்கம் அன்று என்பதனை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் ஏன் மாற்றினார்? அந்நாளைய இலண்டன் மாநகரில் பழிவாங்கும் நாடகங்களுக்குப் பெருங்கூட்டம் கூடியது. தாமஸ் கிட் என்பவர் எழுதிய ‘ஸ்பெயின் நாட்டுத் துன்பியல்’ அவற்றுள் பெயர் பெற்றது. அதில் மகனைப் பறிகொடுத்த தந்தை, நாடகத்துள் ஒரு நாடகம் நடத்திக் கொலைஞரைக் கொன்று தானும் மாள்கிறான். தண்டிப்பது அரசுக்கும் இறைவனுக்கும் உரியது, தனிமனிதன் அதனைத் தன் கையில் எடுத்தல் பாவம் என்பது அக்காலத்துச் சட்டமும் சமயமும் சொன்ன கருத்து. பழிவாங்குபவனைக் கண்டு கைதட்டிய கூட்டமே அவன் உயிரோடு வீடு திரும்புவதை ஏற்காது. இது ஒரு காரணமே. ஆயினும் எனக்கு நிறைவு தரும் காரணம் அன்று. சட்டத்திற்கு அஞ்சி எழுதிய முடிவாயின் நானூறு ஆண்டு வாழ்ந்திராது.

இறுதிக் காட்சியைச் சற்று உற்று நோக்குங்கள். ஹாம்லெட் பழிவாங்கத் திட்டமிட்டு அங்கே வரவில்லை. வாட்போட்டி என்னும் பெயரால் அவனைக் கொல்லத் திட்டமிட்டவர்கள் அரசனும் லேயர்ட்டிஸ் என்னும் இளைஞனுமே. லேயர்ட்டிஸின் வாள்முனையில் நஞ்சு. தப்பினால் குடிக்கக் கிண்ணத்திலும் நஞ்சு. அரசி அறியாமல் கிண்ணத்தை எடுத்துப் பருகிவிடுகிறாள். நச்சு வாள் ஹாம்லெட்டைக் கீறுகிறது. கைகலப்பில் வாள்கள் மாறி, அதே நஞ்சு லேயர்ட்டிஸையும் தீண்டுகிறது. சாகும் தறுவாயில் லேயர்ட்டிஸ் உண்மையைச் சொல்லிவிட, அப்பொழுதுதான், தானும் இறந்துகொண்டிருக்கிறோம் என்று அறிந்த பின்னர்தான், ஹாம்லெட் அரசனைக் குத்துகிறான். நாடகம் முழுதும் நாம் காத்திருந்த செயல், பிறர் விரித்த வலைக்குள்ளே, ஒரு நொடியில், எவ்வித வெற்றிக்களிப்புமின்றி நடந்து முடிகிறது.

இன்னொன்றையும் காணுங்கள். இந்நாடகத்தில் தந்தையைப் பறிகொடுத்த மகன் ஒருவன் அல்லன். ஹாம்லெட்டின் தந்தையைச் சிற்றப்பன் கொன்றான். லேயர்ட்டிஸின் தந்தையைத் திரைக்குப் பின் நின்றவன் யாரென அறியாமல் குத்திக் கொன்றவன் நம் ஹாம்லெட்டே. நார்வே நாட்டு இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸின் தந்தையைப் போரில் வீழ்த்தியவனோ ஹாம்லெட்டின் தந்தை. லேயர்ட்டிஸ் ஒரு நொடியும் தயங்காதவன், அவன் அழிந்தான். ஹாம்லெட் தயங்கித் தயங்கிச் செய்தவன், அவனும் அழிந்தான். ஃபோர்ட்டின்பிராஸ், டென்மார்க்கின்மேல் படையெடுக்க எண்ணியவன், முதியவனான தன் சிற்றப்பனின் சொற்கேட்டு அதனைக் கைவிட்டவன். கடைசியில் பிணங்கள் கிடக்கும் மண்டபத்துள் அவன் நுழைகிறான். அரியணை அவனுக்குப் போகிறது. எந்த நாட்டைக் காக்க மூத்த ஹாம்லெட் வாளெடுத்தானோ, அந்த நாடு அவனுடைய பகைவன் மகனுக்கே சேர்கிறது. உயிர் நண்பன் ஹொரேஷியோ மிச்ச நஞ்சைக் குடிக்கப் போகையில், ஹாம்லெட் அதனைத் தட்டிப் பறித்து, “நீ இருந்து என் கதையைச் சொல்” என்னும் பொருள்பட வேண்டுகிறான். ஒருவன் ஆள எஞ்சுகிறான். ஒருவன் சொல்ல எஞ்சுகிறான். இவ்விருவரையும் மறவாதீர்கள், திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது இவர்கள் நமக்குத் தேவைப்படுவார்கள்.

இங்கே நம் ஊர்ப்பக்கம் சற்றுத் திரும்புவோம். செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பழிவாங்கும் நாடகம் என்ன என்று ஆங்கிலேயர் வந்து சொல்ல வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும், முடிவில் படுகளம். மண்ணால் மிகப் பெரிய துரியோதனன் உருவம் தரையிலே மல்லாந்து கிடக்கும். வீமன் அவன் தொடையைப் பிளந்ததும், அவையில் அவமானப்பட்ட நாள்முதல் விரித்த கூந்தலைத் திரௌபதி முடிப்பாள். கூட்டம் மெய்சிலிர்க்கும். ஆனால் அதே களத்தில், அதே வேளையில், துரியோதனனுக்காக ஒப்பாரியும் எழும். காந்தாரியின் அழுகைக்குக் கண்கலங்காத பெண்களை நான் அங்கே கண்டதில்லை. கூந்தல் முடிந்ததற்கு மகிழ்ந்தவர்களே மாண்டவனுக்கும் அழுகிறார்கள். இது முரண் அன்று. பழியின் கணக்கில் இரு பக்கமும் உண்டு என்பதை எந்த ஏட்டையும் புரட்டாமல் அறிந்தவர்கள் அவர்கள்.

பாரதத்தில் தந்தைக்காகப் பழிவாங்கும் மகன் யார்? அசுவத்தாமன். துரோணரைப் பொய்யால் படைக்கலம் கீழே போடச் செய்து கொன்றார்கள். அவன் சினத்தில் நியாயம் இல்லையென்று சொல்ல இயலாது. ஆயினும் அவன் செய்தது யாது? நள்ளிரவில் பாசறைக்குள் புகுந்து உறங்கியவர்களைக் கொன்றான். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றான். போரில் வென்றவளின் மடி வெறுமையாயிற்று. அவனைப் பிடித்து வந்தபோது, பாகவதம் சொல்லும் கதையில், அவனை விட்டுவிடுமாறு கேட்பவள் திரௌபதியே. தான் அழுவதுபோல் அவன் தாயும் அழவேண்டா என்பது அவள் கருத்து. அவன் சாகவில்லை; தலைமணியை இழந்து, நெடுங்காலம் அலையும் சாபத்தோடு வாழவிடப்பட்டான். கொல்லாமல் விடுவதும் ஒரு முடிவுதான் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஹாம்லெட்டைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவியவர்; வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர். ‘அமலாதித்யன்’ என்னும் பெயரால் அதனைத் தமிழாக்கித் தாமே தலைமை வேடத்தில் நடித்தார். அவரே எழுதிய ‘மனோகரா’ நாடகத்திலும் அரண்மனை உண்டு, பழி உண்டு, கையைக் கட்டிப்போடும் தாயின் சொல் உண்டு; ஆனால் அங்கே நாயகன் அழிவதில்லை. 1954இல் எல். வி. பிரசாத் இயக்கத்தில், மு. கருணாநிதியின் உரையாடலோடு, சிவாஜி கணேசன் நடித்துத் திரைப்படமாகிப் பெரும்புகழ் பெற்றது மனோகராவே. அமலாதித்யனுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. 1973இல் வந்த ‘ராஜபார்ட் ரங்கதுரை’ படத்தில் சிவாஜி கணேசன் ஹாம்லெட்டாகத் தோன்றுகிறார். எனினும் அது கதைக்குள் வரும் ஒரு மேடைக்காட்சி மட்டுமே. நம் திரையரங்குகளில் ‘சுபம்’ என்னும் சொல் விழும்வரை எழுந்திருக்காமல் இருந்து பழகியவர்கள் நாம். அதனைக் குறையாகச் சொல்லவில்லை, பழக்கத்தைச் சொல்கிறேன்.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். ஒரு வியப்பான செய்தி: ஹாம்லெட்டின் முதல் திரைப்படமே இறுதிக்காட்சிதான். 1900ஆம் ஆண்டில் பாரிசு மாநகரக் கண்காட்சிக்கென, சாரா பெர்ன்ஹார்ட் என்னும் பிரெஞ்சு நடிகையே ஹாம்லெட்டாக நின்று வாட்போட்டிக் காட்சியை நடித்தார். இரண்டு நிமிட அளவுள்ள படம். தத்துவம் பேசும் நாடகத்திலிருந்து படக்கருவி முதலில் எடுத்துக்கொண்டது வாள்வீச்சை!

1948இல் லாரன்ஸ் ஒலிவியர் இயக்கி நடித்த ஆங்கிலப் படம், சிறந்த படத்திற்கும் சிறந்த நடிகருக்குமான ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதில் ஃபோர்ட்டின்பிராஸ் இல்லை, முற்றிலும் நீக்கிவிட்டார். நாடகத்தில் அவன் பேசும் இறுதிச் சொற்கள் ஹொரேஷியோவுக்குப் போயின. இளவரசனின் உடலை வீரர்கள் கோட்டைப் படிகளில் மேலே மேலே சுமந்து செல்வதோடு படம் முடிகிறது. அழகான முடிவு. ஆயினும் நாடு யார் கைக்குப் போயிற்று என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. அது ஒரு மனிதனின் துயரமாகச் சுருங்கிவிட்டது. அதே படத்தில் ஒலிவியர் நுட்பமானதொரு மாற்றமும் செய்தார். அரசி கிண்ணத்தை ஐயத்தோடு நோக்கி, உள்ளே இருப்பதை உணர்ந்தே பருகுகிறாள். அறியாமல் இறந்தவள், மகனுக்கு முன்னே தான் முந்திக்கொண்டவள் ஆகிறாள்.

1964இல் இரஷ்யாவில் கிரிகோரி கோசின்த்செவ் எடுத்த படத்திலோ ஃபோர்ட்டின்பிராஸ் திரும்பி வருகிறான். நஞ்சேறிய ஹாம்லெட் மூச்சடைக்கும் அரண்மனையை விட்டு வெளியே நடந்து, கற்பாறையில் சாய்ந்து, கடலருகே உயிர் விடுகிறான். அவன் உடல் ஒருபுறம் சுமந்து செல்லப்பட, மறுபுறம் புதிய படை கோட்டைக்குள் நுழைகிறது. நாடகம் முழுவதையும் நான்கு மணி நேரம் எடுத்த கென்னத் பிரானாவின் 1996ஆம் ஆண்டுப் படத்தில், மூத்த ஹாம்லெட்டின் சிலையையே படைவீரர்கள் உடைத்துத் தள்ளுகின்றனர். ‘என்னை மறவாதே’ என்று தந்தையின் ஆவி மகனிடம் கேட்டதை நினைத்துக்கொண்டு அக்காட்சியைக் காண வேண்டும்.

நம் நாட்டில் சொராப் மோடி 1935இலேயே ‘கூன் கா கூன்’ என்னும் பெயரில் இக்கதையைப் படமாக்கினார். கிஷோர் சாஹு 1954இல் ‘ஹாம்லெட்’ என்றே எடுத்தார். ஆனால் முடிவைத் துணிந்து மாற்றிய படம் விஷால் பரத்வாஜ் இயக்கி 2014 அக்டோபர் 2ஆம் நாள் வெளிவந்த ‘ஹைதர்’ என்னும் இந்திப் படமே. கதை 1995ஆம் ஆண்டுக் காஷ்மீரில் நடக்கிறது. மருத்துவரான தந்தையைப் படையினர் பிடித்துச் செல்கின்றனர், அவர் திரும்பவில்லை. காட்டிக்கொடுத்தவர் அவருடைய தம்பி குர்ரம் என்றும், அவரை வஞ்சித்த இரு கண்களையும் சுட வேண்டும் என்றும் தந்தை சொல்லியனுப்பிய செய்தி மகன் ஹைதரை வந்து சேர்கிறது. தாய் கஜாலாவோ அதே குர்ரத்தை மணந்துகொள்கிறாள். மகனாக ஷாஹித் கபூரும், தாயாகத் தபுவும், சிற்றப்பனாகக் கே கே மேனனும் நடித்தனர்.

இப்படத்தின் இறுதி பனி மூடிய இடுகாட்டில் நிகழ்கிறது. ஹைதர் ஒரு சிறு வீட்டினுள். வெளியே குர்ரத்தின் ஆட்கள். தாய் இடையே வந்து மகனைச் சரணடையுமாறு வேண்டுகிறாள். பழிவாங்கினால் பழியே மேலும் பிறக்கும் என்று அவள் சொல்கிறாள். மகன் இணங்கவில்லை. அவள் வெளியே நடந்து, தன் மேலாடையைத் திறக்கிறாள், உள்ளே வெடிகுண்டுகள். கணவன் அவளை நோக்கி ஓடி வருகிறான், வெடிக்கிறது. புகை அடங்கியபோது தாய் இல்லை. குர்ரம் இரு கால்களும் இழந்து பனியில் ஊர்கிறான். ஹைதர் துப்பாக்கியோடு அவன் முன் வந்து நிற்கிறான். தந்தையின் சொல் ஒரு காதில், தாயின் சொல் மறு காதில். குர்ரமே தன்னைக் கொன்றுவிடும்படி கெஞ்சுகிறான். ஹைதர் சுடாமல் திரும்பி நடக்கிறான்.

இம்முடிவைக் கண்டு, ‘ஷேக்ஸ்பியரைக் கெடுத்துவிட்டார்’ என்றவர்களும் உண்டு. ‘பழியை வென்ற காந்திய முடிவு’ என்று கொண்டாடியவர்களும் உண்டு. இருவரோடும் நான் உடன்படவில்லை. கெடுக்கவில்லை என்பதற்கு முன்னர்ச் சொன்னதே போதும்: ஷேக்ஸ்பியர் சாக்சோவுக்குச் செய்ததையே பரத்வாஜ் ஷேக்ஸ்பியருக்குச் செய்தார். கொண்டாட்டத்தில்தான் எனக்குத் தயக்கம். மகன் பழிவாங்கவில்லை, மெய்தான். ஆனால் பழி வாங்கப்படாமலா போயிற்று? குர்ரத்தின் கால்களைப் பறித்தது யார்? பழி வேண்டா என்று மொழிந்த அந்தத் தாயே பழியின் கருவியானாள். நாடகத்தில் அவள் அறியாமல் நஞ்சுண்டாள். ஒலிவியர் அறிந்தே உண்ணச் செய்தார். பரத்வாஜ் அவளையே நஞ்சாக்கிவிட்டார். மகன் தூய கையோடு நடந்து போவதற்கு உரிய விலையைத் தாய் தன் உடம்பால் செலுத்தினாள். அந்த நடையை விடுதலை என்று என்னால் எளிதில் சொல்ல இயலவில்லை. கால் வலுவிழந்து, முழங்கால் மடங்கித்தான் அவன் அங்கிருந்து போக முடியும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. அங்கே ஃபோர்ட்டின்பிராஸ் வரவில்லை. கதையைச் சொல்லவென்று எஞ்சிய ஹொரேஷியோவும் இல்லை. பனியும் இடுகாடும் எஞ்சுகின்றன. நாடகத்தில் இளவரசன் இறந்தான், ஆயினும் ஒரு கணக்கு முடிந்தது. படத்தில் இளவரசன் பிழைத்தான், கணக்கு முடியவில்லை. இவற்றுள் எது பெருந்துன்பம்? இதனை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் ‘உட்கார்’ என்று சொன்னால் மறுபடியும் எழுந்து கேளுங்கள்.

அந்தக் கடைசி வரிசை மாணவனுக்கு இன்று நான் சொல்லக்கூடிய விடை இதுதான். “தம்பி, இளவரசன் பிழைத்த கதையும் உண்டு. எரிந்த மண்டபத்தின் சாம்பல்மேல் நின்று பேருரை நிகழ்த்தி, மக்கள் வாழ்த்தொலிக்க அவன் முடிசூடினான். அந்த மண்டபத்தில் வெந்துபோனவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களைப் பற்றிச் சாக்சோ எழுதவில்லை. அவர்களுள் ஒருவனை லேயர்ட்டிஸ் என்று பெயரிட்டு மேடைக்கு அழைத்துவந்தார் ஷேக்ஸ்பியர். அவன் வந்து நின்ற பிறகு, ஹாம்லெட் வீட்டுக்குத் திரும்ப வழி ஏது?”

அன்று மணியடித்த பிறகு அம்மாணவன் என்னிடம் வந்து இன்னொன்றும் சொன்னான். போன வாரம் படுகளத்தில் துரியோதனன் விழுந்தபோது தன் பாட்டி அழுதாள் என்றும், கெட்டவனுக்காக ஏன் அழுகிறாய் என்று தான் கேட்டதற்கு, “அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாளே, அவள் அழும்போது நாம் சும்மா இருப்பதா?” என்று அவள் சொன்னாள் என்றும் கூறினான். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டபடியால், நான் ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.